பிக்கப்பை விற்கச் சம்மதம்

விராலிமலை,
ஐப்பசி 5

அன்புள்ள மாப்பிள்ளை செம்மல் அவர்களுக்கு மாமனார் நாகராசு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை அமுதவல்லியும் சுகம். அங்கு தோகாவில் நீங்களும் என் மகள் இளமதியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நலமாக இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. ரோட்டில் பழுதாகி நிற்கும் வண்டிகளை இழுக்க நீங்கள் வாங்கிய டீசல் பிக்கப்பை விற்றுவிடலாமா என்று போனில் கேட்டீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை குறுக்கே பேசுவாள் என்பதால் எழுதுகிறேன். தாராளமாக விற்றுவிடுங்கள். மாட்டாசுபத்திரியில் முப்பது வருடம் டாக்டருக்கு மாடு பிடித்துக் கொடுத்து ஓய்வுபெற்றவனுக்கு இந்தத் தொல்லை எதற்கு?

"ஆயில் கறுத்தா மாத்திருங்க மாமா" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். மாற்றினேன். புதுக்கோட்டை போய்த் திரும்பி அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. மறுபடி மாற்றினேன், மறுபடியும் கறுப்பு. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு மூன்றாம் தடவை பட்டறைக்குப் போனால், மெக்கானிக் சூசைராஜ் ஆயில் டப்பாவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "அய்யா, டீசல் எஞ்சின்ல ஊத்துன அன்னைக்கே ஆயில் கறுக்கத்தாங்க செய்யும். கிலோமீட்டரப் பாத்து மாத்துங்க, கலரப் பாத்து மாத்தாதீங்க!" பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து, டீசல் பில்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று விளக்கு எரிந்தது. அடித் திருகைத் தளர்த்தி, அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட டம்ளரில் வடித்தேன். அது உங்கள் அத்தையின் காபி டம்ளர். "மாட்டாசுபத்திரில இருந்தப்பகூட இப்படி நாறலீங்க, வண்டியோட அங்கிட்டே படுத்துக்கங்க!" என்றாள். மத்தியானம் படுத்தேன். பின்சீட்டு வசதியாகத்தான் இருக்கிறது.

ஆயுத பூசைக்கு ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, வண்டி பெரிது என்பதால் ஐந்து சாமந்தி மாலை, மாவிலை. மறுநாள் ஒரு ஐஸ்கிரீம் வேன் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. கொக்கி மாட்டி இழுத்து வருகையில், பாலத்து ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழி முழுவதையும் மாலை போட்டு அடைத்திருக்கிறேன்! சாமிக்குக் கட்டியதை வாடுமுன்னே அவிழ்க்க எனக்கு மனமில்லை. வேன்காரர்தான், "சாமி கோவிச்சுக்காதுங்க, எஞ்சின்தான் கோவிச்சுக்கும், அவுருங்க பெரியவரே" என்றார். எஞ்சின் ஆறும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். உருகுவதற்குள் தீர்க்க வேண்டுமென்று நாலு குச்சி ஐஸ் கொடுத்தார். சர்க்கரைக்காரன் சாப்பிட்டுவிட்டேன், இளமதியிடம் சொல்லிவிடாதீர்கள். ஒருவழியாகப் பட்டறையில் கொண்டுபோய் விட்டதும் அந்த மனிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். முப்பது வருடத்தில் மாடும் கும்பிட்டதில்லை, மாட்டுக்காரரும் கும்பிட்டதில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல.

ஆனாலும் தொல்லை தொல்லைதான். வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். தினமும் துடைத்து, வாரம் தவறாமல் கிரீஸ் வைத்து, கொக்கி ஆணிகளை முறுக்கி, குறையில்லாமல் வைத்திருக்கிறேன்.

மலைமேல் இருக்கிற முருகன் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக்கொள்ளட்டும். இளமதியைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
நாகராசு

பி.கு.: நீங்கள் அனுப்பிய ஆள் இன்று காலை வண்டி பார்க்க வந்தார். வண்டி விற்றாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். "யாருங்க வாங்குனது?" என்று கேட்டார். "நாந்தாங்க" என்றேன். உங்கள் அத்தையிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.