மூன்று வேலை நாள்கள்

திங்கள், காலை

சட்டசபையில் நல்ல பெயரும் வீட்டில் அதைவிட நல்ல பெயரும் எடுத்து, இருமலும் தும்மலும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டிய என் மைத்துனருக்கு, உன் அக்காள் புருஷன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு ரத்த அழுத்தம் சனிக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும் தேவலையாக இருந்தது.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று எட்டுத் தடவை கூப்பிட்டேன். எட்டுத் தடவையும் உன் உதவியாளர், "தலைவர் கூட்டத்துல இருக்காரு" என்றார். எட்டாவது தடவை அவருக்குப் பின்னால் நீ தும்மியது கேட்டது. உன் பதின்மூன்றாவது வயதிலிருந்து அந்தத் தும்மலைக் கேட்டு வருகிறேன், எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். சாயங்காலம் உன் வீட்டுக்கு வரும் உன் அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் முன்னாலேயே படி. இல்லாவிட்டால் மேசையில் வைத்து மறந்துவிடுவாய்.

மூன்று மாதத்துக்கு முன் நீ வந்திருந்தாயே, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "அத்தான், விதிமுறை வரைவு. கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்க, நாளைக்குக் குழுவுல வைக்கணும்" என்றாயே, அதைப் பற்றித்தான். இருபத்தொரு வயது நிரம்பாத பெண் யாராவது அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் தகப்பனாரின் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டுதான் மருந்துக் கடைக்காரர் கொடுக்க வேண்டும், முதலில் நம் ஊரில் மட்டும் சோதனை முறையில், என்பது அந்த வரைவு. அப்போது டிவியைத் திருப்பினால் இதே சண்டைதான். உங்கள் கட்சிக்காரர் பண்பாடு போச்சு என்பார், எதிர்க்கட்சிக்காரர் உரிமை போச்சு என்பார், நடுவில் இருப்பவர் விளம்பரம் வந்தாச்சு என்பார். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆறு பேருக்கும் மீசை. "இவங்கள்ல யாருங்க அந்த மாத்திரைய முழுங்கப் போறது?" என்று உன் அக்கா கேட்டாள். சத்தத்தைக் குறை என்றேன். டிவியையா அவளையா என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

உன் வரைவில் ஐந்தாம் பிரிவில், 'கடிதம் கிடைத்து' என்பதற்கும் 'கழித்து மாத்திரை வழங்கப்படும்' என்பதற்கும் நடுவில் காலியிடம் இருந்தது. கோடிட்ட இடம் ஒன்று கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. முப்பத்து நான்கு வருடம் விடுப்புக் கடிதம் வாங்கினவன் நான். ஒரே பையனுக்கு ஒரே வருடத்தில் நான்கு விதமான அப்பா கையெழுத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம்: கடிதம் வந்தவுடன் நம்பிவிடக் கூடாது, மூன்று வேலை நாள் வைத்திருந்து, வீட்டில் விசாரித்து, பிறகுதான் ஒப்புதல். அதே ஞாபகத்தில், 'மூன்று வேலை நாள்கள்' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன். அந்த மாத்திரை எதற்கு, அதை எப்போது போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உனக்கும் தெரியாது என்று இப்போது சந்தேகப்படுகிறேன். ஒற்றுப்பிழை மட்டும் பதினேழு திருத்தினேன். போதாததற்கு, "சின்னப் பிள்ளை கையில தீப்பெட்டியக் குடுப்போமா?" என்று ஓர் உதாரணமும் கொடுத்தேன். அதை நீ மேடையில் சொன்னாய், கைதட்டினார்கள். அன்று முழுக்க நான் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன், அந்த உதாரணம் உங்களுடையதா என்று யாராவது வந்து விசாரிப்பார்களா என்று.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடை நடத்துகிறவள் என்னிடம் படித்தவள்தான். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் புள்ளி வைப்பாள், அதனால் 'முற்றுப்புள்ளி' என்று நான் கூப்பிட்ட பெயர் அவளுக்கு இன்றைக்கும் நிலைத்துவிட்டது. அவளுக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வயது இருக்கலாம். தையல் ஆலை அடையாள அட்டையைக் கழற்றி உள்ளங்கையில் மடக்கி வைத்திருந்தாள், கயிறு மட்டும் வெளியே தொங்கியது. முற்றுப்புள்ளி அவளிடம், "அப்பா லெட்டர் வேணும்மா. குடுத்தப்புறம் மூணு வேலை நாள். இன்னிக்கு சனி, கணக்குல வராது. நாளைக்கு ஞாயிறு. திங்கள் அரசாங்க லீவு. அப்போ வியாழக்கிழமை சாயங்காலம்" என்றாள். அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய், இருக்குமா? "சட்டம்னு ஒண்ணு இருந்தா அதுப்படி நடக்கிறதுதாம்மா நமக்கு அழகு" என்றேன்.

முற்றுப்புள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், இந்த மாத்திரைய எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது. மூணு நாள் தாண்டிட்டா நம்ப முடியாது. இவளுக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து நேரம் ஓடுது. வியாழக்கிழமை நான் குடுத்தா அது மாத்திரை இல்ல சார், மிட்டாய்."

"இப்படி ஒரு விதிய எந்த முட்டாள் எழுதினான்?" என்று கேட்டேன், தம்பி. நானே கேட்டேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். ஒரு பிழை இல்லை. காற்புள்ளி ஒவ்வொன்றும் நான் வைத்த இடத்தில் இருந்தது.

தீப்பெட்டி உதாரணம் தப்பு. அது தண்ணீர் வாளி. வீடு பற்றி எரிகிறது என்று ஓடி வருகிறவளிடம், அப்பாவிடம் கடிதம் வாங்கி வா, விசாரித்துவிட்டு வியாழக்கிழமை வாளி தருகிறேன் என்று எழுதி, அதில் ஒற்றும் சரிபார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் என்னைக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். "சார், எங்கப்பா எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது. நீங்க பெரியவரு, படிச்சவரு. அப்பான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன். தேதிய மூணு நாள் முன்னாடி போட்டுட்டா ஆச்சு. இந்தக் கடை அக்காவும் சரின்னா…" என் சட்டைப் பையில் பேனா இருந்தது. ஒரு நிமிடம் ஆகும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொய்க் கையெழுத்துப் போடுறது தப்பும்மா" என்றேன். வகுப்பில் சொல்வது போலவே நிதானமாகச் சொன்னேன். அவள் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் என் மாத்திரையை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட மறக்காமல் வாங்கிக்கொண்டு, கிளம்பினேன்.

தெருமுனை வரைக்கும்தான் நடக்க முடிந்தது. நேரே உன் அலுவலகத்துக்குப் போய், நடந்ததையெல்லாம் கடை விலாசத்தோடு விவரமாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், 'ஐந்தாம் பிரிவை உடனே நிறுத்துக' என்று அடிக்கோடும் போட்டேன். உன் எழுத்தர் முத்திரை குத்தி, "மூணு வேலை நாள்ல பதில் வரும் பெரியவரே" என்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடித் தையல் ஆலை வாசலுக்குப் போனேன், பக்கத்து ஊர் டாக்டரிடமாவது கூட்டிப் போகலாம் என்று. காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார். பெயர் தெரியாது என்றேன். "வயசு?" பத்தொன்பது. "உங்களுக்கு என்ன வேணும்?" அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருசு, வீட்டுல பெரியம்மா இருக்காங்களா? போன் நம்பரைச் சொல்லு" என்றார். உன் அக்கா வந்துதான் என்னை அழைத்துக்கொண்டு போனாள். வழியில் முழுக் கதையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அந்தத் தாளைப் பத்தி அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?" என்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள், பக்கத்து அறையில்தான் இருந்தாள். எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி.

இன்று ராத்திரியோடு அந்தப் பெண்ணுக்குக் கெடு முடிகிறது. கட்சி, மானம், அடுத்த தேர்தல் எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு மருந்துக் கடைக்குப் போன் போட்டு, ஐந்தாம் பிரிவு கிடையாது, அந்தப் பெண் வந்தால் கொடு என்று சொல். யார் எழுதினது என்று குழுவில் கேட்டால் என்னைக் கைகாட்டு.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, படித்ததில் பாதியையாவது சந்தேகப்படவும் கற்றுக்கொள்ளட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி கிழித்து எழுதுகிறேன். மத்தியானம் முற்றுப்புள்ளி போன் செய்தாள். என் நான்கு பக்கப் புகாரைப் பிடித்துக்கொண்டு உன் அலுவலகம் அனுப்பிய மருந்து இன்ஸ்பெக்டர் லீவு நாளென்றும் பாராமல் கடைக்கு வந்து, மாத்திரை இருப்பை எண்ணிக்கொண்டிருக்கிறாராம். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அவளுக்கு சனிக்கிழமையே குடுத்தாச்சு சார். நீங்க கிளம்புறதுக்குத்தான் ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

இது உன் அக்காள் புருஷன் உனக்குச் சொன்னது. சட்டசபை உறுப்பினருக்கு நான் சொல்வது வேறு: மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. சனிக்கிழமை எனக்கு ரத்த அழுத்தம், தலை சுற்றியது, என்னென்னவோ தெரிந்தது. இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள். ஐந்தாம் பிரிவை எடுத்துவிடு.

போனை வைப்பதற்கு முன், அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "எந்தப் பொண்ணு சார்?" என்றாள் முற்றுப்புள்ளி. புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமாயிற்று. உன் இன்ஸ்பெக்டர் இங்கே வந்தால் நானும் அதையேதான் கேட்பேன்.