முள்ளு ஐயாவின் மூன்றாவது வழக்கு

தீவுப்பகுதியில் மீன் பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மீனிடம் வாக்குமூலம் வாங்கியவர் முள்ளு ஐயா ஒருவர்தான்.

ஊர்காவற்றுறையில் அவர் மீன்பிடிப் பரிசோதகர். அவருடைய கந்தோரில் நான் பியோன். டைனமைற் வெடித்து மீன் பிடிப்பது குற்றம்; அப்படிப் பிடித்த மீனுக்கு நடுமுள் நொறுங்கியிருக்கும். ஆகவே எந்த மீனைக் கண்டாலும் பிளந்து பார்ப்பார். சந்தையில் மட்டுமல்ல, கலியாணப் பந்தியிலும். அவரைக் கண்டதும் பெண் வீட்டார் குழம்புச் சட்டியை ஒளித்த கதையும் உண்டு.

பிடிப்பதில் வீரர். வழக்கென்று கோட்டுக்குப் போனால்தான் தோல்வி. தவணை வருவதற்குள் சான்று மீன் அழுகிவிடும். முதல் வழக்கில் நாற்றம் தாங்காமல் நீதவான் எழுந்து போனார். இரண்டாவதில் மீனைப் புதைத்துவிட்டு வெறுங்கையோடு போய்த் தோற்றார். மூன்றாவதும் போனால் இடமாற்றம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இவர் போனால் நாரந்தனைக் கடலில் மீன்குஞ்சும் மிஞ்சாது.

மூன்றாம் முறை, சொந்த வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டி நடுமுள் நொறுங்கிய பாரை மீன்களோடு அகப்பட்டார். ஐயா அந்த மீனைக் கருவாடு போட்டார்.

"முள்ளு அழுகாது, தம்பி!"

வழக்கு நாள் காலை கருவாட்டைக் காணவில்லை. கந்தோர்க் காவலாளி எமிலியான் அண்ணை தலையைச் சொறிந்தார்.

"பழஞ்சோத்துக்கு ஒண்டும் இல்லை, ஐயா. பொரிச்சுப்போட்டன்."

"முள்ளு எங்கை?"

"நாய்க்குப் போட்டிட்டன்."

ஐயா ஒரு கணம் கண்ணை மூடினார்.

"நாய் சாட்சி சொல்ல ஏலாது. நீர் வாரும்."

கோட்டில் சம்மாட்டிக்காக வாதாட வந்த பிறக்கிராசி துள்ளினார்.

"சான்றுப் பொருள் எங்கே?"

"இவரின்ரை வயித்துக்குள்ளை," என்று ஐயா எமிலியான் அண்ணையைக் காட்டினார்.

எமிலியான் அண்ணை கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். "நடுமுள்ளு தவிடுபொடி, ஐயா. வாயில வைச்ச உடனை வெடிமீன் எண்டு விளங்கிட்டுது."

"விளங்கியும் ஏன் சாப்பிட்டீர்?" என்றார் நீதவான்.

"விட மனம் வரேல்லை, ஐயா."

கோடே சிரித்தது. சம்மாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினார்.

"பச்சைப் பொய்! நான் போட்டது சின்ன வெடி. அதுக்கு முள்ளு தவிடுபொடியாகாது!"

பிறக்கிராசி கதிரையில் தொப்பென்று விழுந்தார். நீதவான் பேனையை எடுத்தார்.

இடமாற்றம் வரவில்லை. அந்தக் கிழமையே ஐயாவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். வந்தவர் மீனைத் திருப்பியும் பார்க்காமல் சோற்றோடு பிசைந்தார்.

"ஐயா, முள்ளைப் பாக்கேல்லையோ?" என்றாள் என் மனைவி.

"உங்கடை வீட்டிலையும் பாக்க வேணுமோ, பிள்ளை?"

அவர் வருமுன்பே குசினிக்குள் நின்று, ஒவ்வொரு துண்டாக முள்ளைப் பார்த்து வைத்தவன் நான். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்னும் ஒரு துண்டு வைத்தேன்.