நான் படிக்காமல் விட்ட பதினோரு பாயிண்டுகள்

தோழிகளுக்குள் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால், அங்கே மூன்றாவது ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். எனக்கும் லின்சிக்கும் நடுவில் அந்த மூன்றாவது ஆள் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தாள். பெயர் ஹேமா.

அப்போது பாலக்காட்டை ஒட்டியுள்ள கஞ்சிக்கோட்டில் ஸ்விட்ச் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. க்வாலிட்டி கன்ட்ரோல். லின்சியும் நானும் நாலு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்கள். அவள் இடுக்கி மலைக்காரி. கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவருவாள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, என் தக்காளிச் சாதத்தை அவள் பிடுங்கிக்கொள்வாள். கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து வந்து ஹெச்ஆரில் சேர்ந்த ஹேமா, மூன்றாம் மாதம் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். ஆறாம் மாதம் பார்த்தால், லின்சிக்குப் பக்கத்தில் அவள் இருக்கிறாள், எதிர் பெஞ்சில் நான் இருக்கிறேன். (எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.)

லின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண்ணுக்கு முன்னால் ஒரே நிற கவுனில் நடந்து போகும் ஆறு தோழிகளில் ஹேமாவும் ஒருத்தி என்று தெரிந்தது.

"எடீ, மத்த அஞ்சு பேரும் என் கசின்ஸ். எல்லாரும் ஒரே ஹைட்டு. அதான்" என்றாள் லின்சி.

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். அன்றைக்கு ஐந்தடிக்குக் குறைந்த அந்த ஒரு அங்குலத்துக்காக நான் அழுதது கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு லின்சி கூப்பிட்டபோதெல்லாம் 'பிசி' என்று மெசேஜ் அனுப்பினேன். (கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டுதான்.)

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஹேமா நீளமாக ஒன்று போட்டாள். 'கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முதல் தடவை வருபவர்கள் கவனத்துக்கு.' மொத்தம் பதினோரு பாயிண்ட். 'பத்தரைக்கே உள்ளே உட்கார்ந்துவிடவும்' என்ற முதல் பாயிண்டிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷம் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவளின் கல்யாணத்துக்கு எப்படி வர வேண்டும் என்று நேற்று வந்தவள் எனக்கு வகுப்பு எடுப்பதா? குழுவை மியூட்டில் போட்டேன்.

வேனில் முந்தின நாளே இடுக்கிக்குப் போய்விட்டோம். மறுநாள் சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் சூபர்வைசர் மணி அண்ணன். அவர் பதினோரு பாயிண்டையும் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மற்றவர்கள் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். நான் ஹேமாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பீச் நிற கவுன் அவளுக்குப் பொருந்தவில்லை என்று நிரூபிக்க ஏதாவது ஒரு கோணம் கிடைக்குமா என்று தேடினேன். எல்லாக் கோணத்திலும் அழகாகத்தான் இருந்தாள்.

மின்னு என்கிற தாலியைக் கட்டியாயிற்று. மந்திரகோடிப் புடவையை மாப்பிள்ளை லின்சியின் தலைமேல் போர்த்தியும் ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, ஆட்கள் எழுந்து வரிசையாக முன்னால் போனார்கள். ஹேமாவும் எழுந்து முன்னால் போனாள்.

நானும் எழுந்தேன்.

"ஏம்மா சுமதி, எங்க போற? உக்காரு" என்றார் மணி அண்ணன்.

"ஹேமா போறா பாருங்கண்ணா. அவ போலாம், நான் போகக்கூடாதுங்களா?"

"அந்தப் புள்ள எதுக்குப் போகுதோ. இதுல ஏழாவது பாயிண்ட்ல..." என்று அவர் பையைத் துழாவுவதற்குள் நான் வரிசையில் இருந்தேன். ஹேமாவுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று இரண்டு பேரை முந்தவும் செய்தேன். (முந்தப்பட்டவர்களில் ஒருவர் கன்னியாஸ்திரீ.)

ஹேமாவோ வரிசைப் பக்கமே வரவில்லை. நேராக லின்சியிடம் போய், நழுவியிருந்த முக்காட்டைச் சரிசெய்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் அதைக் கவனித்தபோது எனக்கு முன்னால், நற்கருணை அப்பத்தைக் கையில் எடுத்தபடி, ஃபாதர் மட்டும்தான் இருந்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல வலது கையைக் குழித்து நீட்டினேன். அவர் மலையாளத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். 'ஆமென்' என்று சொல்ல வேண்டிய இடமாம். நான், "ஆகட்டுங்க ஃபாதர்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. குனிந்து, மிகவும் அன்பாக, "மோள் ஏது இடவகயா?" என்றார்.

பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. ஆனால் இடவகை என்றால் எந்தச் சர்ச்சைச் சேர்ந்தவர் என்று அர்த்தம் என்பது தெரியாது. ஏதோ பிரிவைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"க்வாலிட்டி கன்ட்ரோலுங்க" என்றேன்.

ஃபாதரின் கழுத்தில் மைக் இருந்தது. சர்ச்சின் எட்டு ஸ்பீக்கர்களும் அதைச் சொல்லின. யூடியூப் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த துபாய் சொந்தக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு, என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். லின்சியின் முக்காடு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

நேராக வெளியே போய் வேனில் ஏறிக் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து மணி அண்ணன் மூச்சு வாங்க வந்தார்.

"இங்க படுத்துட்டு என்ன பண்ற? அங்க உன்னத் தேடிட்டிருக்காங்க. பதினொண்ணாவது பாயிண்ட் நீயி படிக்கலியா?" என்று காகிதத்தை நீட்டினார்.

'11. சர்ச் சடங்கு முடிந்து லின்சி மந்திரகோடி உடுத்தும்போது சுமதி மட்டும் உடை மாற்றும் அறைக்கு வரவும். கொசுவம் அவள் வைத்தால்தான் நிற்கும் என்று லின்சி சொல்கிறாள். அவள் போனை எடுப்பதில்லை. யாராவது அவளிடம் சொல்லவும்.'

நான் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு வேனிலேயே தங்கிவிட்டது. அறையில் ஹேமா கவுனோடு முட்டிபோட்டு, வாயில் நாலு பின்னைக் கவ்விக்கொண்டு, புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பின்னைத் துப்பினாள்.

"வந்துட்டியோ? நேக்கு இது வரவே மாட்டேங்கறது. நீயே பாரு. ஆமா, ஏழாவது பாயிண்ட்ல தெளிவாப் போட்டிருந்தேனே, அப்பம் குடுக்கறச்சே கத்தோலிக்கர் இல்லாதவா எடத்துலயே ஒக்காந்திருக்கணும்னு. படிக்கலையா?"

"நீ எழுதினதுங்கறதாலதான் படிக்கல" என்றேன். பொய் எதுவும் கைவசம் இல்லை.

ஹேமா கீழே விழுந்த பின்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். பிறகு, "நாலு வருஷ சிநேகத்துக்கு நடுவுல எப்படி ஒக்காரறதுன்னு நேக்கும் யாரும் பாயிண்ட் எழுதித் தரலையேடி" என்றாள்.

லின்சி எங்கள் இரண்டு பேர் தோளிலும் கைபோட்டுச் சிரித்ததில், நான் வைத்த முதல் கொசுவம் அவிழ்ந்து விழுந்தது.

அந்த நேரலையிலிருந்து யாரோ வெட்டியெடுத்த பதினெட்டு விநாடி வீடியோ இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பெனியில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஹேமா அதைப் போட்டுக் காட்டித்தான் 'சர்க்குலரை ஏன் படிக்க வேண்டும்' என்று ஆரம்பிக்கிறாள். ஃபாதர் குரலில் ஒரு தடவை, என் குரலில் ஒரு தடவை, கன்னியாஸ்திரீயின் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை என்று நடித்தும் காட்டுகிறாள். என் வீட்டு விசேஷங்களிலும் அவள்தான் சொல்கிறாள். என் மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். போன மாதம் வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் நானே சொல்ல ஆரம்பித்தேன். வரிசையில் நிற்கிற இடம் வரைக்கும்கூட வரவில்லை, என் ஆறு வயது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. ஹேமா சித்தி வந்து சொல்லட்டும்."