லிட்டருக்கு எட்டு

"இன்னையிலேருந்து நம்ம வண்டியில கனமான எதுவும் ஏறக்கூடாது"ன்னு காலையில ஏழு மணிக்கு மனுஷன் அறிவிச்சாரு. அந்த நேரம் பார்த்து மாமியார் குளிச்சிட்டு வெளியே வந்தாங்க.

"என்னைத்தானே சொல்றாரு?"ன்னு மகளைக் கேட்டாங்க.

"பொதுவா சொல்றாரும்மா."

"பொதுவா சொல்றவரு ஏன் என்னையே பார்க்குறாரு?"

மனுஷனுக்கு வேலை ஒரு பெரிய கிடங்குல. மேலாளர். அவருக்குக் கீழே ரெண்டாயிரம் பெட்டி. வச்ச இடத்துல இருக்கும், எதிர்த்துப் பேசாது. வீட்டுல அந்த வசதி கிடையாது. ரிமோட் பையன்கிட்ட. குளியலறை பொண்ணுகிட்ட. சோபா மாமியாருக்கு. மிச்சமெல்லாம் பொண்டாட்டிக்கு. அவருக்குன்னு இருந்தது ஒரே ஒரு இடம்தான். காரோட டிரைவர் சீட்டு. அதுல உட்கார்ந்தா மொத்தக் குடும்பமும் அவர் இழுத்த இழுப்புக்கு வரும். பெல்ட்டு வேற போட்டிருக்கும், பாதிப் பேச்சுல எழுந்து போக முடியாது.

ஏழு பேர் உட்கார்ற பெரிய கார். ஆட்டோமேட்டிக். வாங்கி ஏழு மாசம். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் ஒரு சின்ன காரை கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சே ஓட்டினவரு. இதுல கிளட்ச்சும் இல்ல, கியர் மாத்துற பாடும் இல்ல. விக்கும்போது ஷோரூம்காரன் லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் கொடுக்கும்னு சொன்னான். கொடுத்தது எட்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்குற குட்டித் திரையில அந்த எட்டு, கணக்குப் பரீட்சையில வாங்கின மார்க்கு மாதிரி, தினமும் அவரு மூஞ்சியைப் பார்த்து முழிக்கும்.

முதல்ல ஏசியை நிறுத்தினாரு. அப்புறம், காத்து உள்ளே வந்தா வண்டியைப் பின்னாடி இழுக்கும்னு கண்ணாடியையும் ஏத்திவிட்டாரு. உள்ளே நாலு பேரும் ஆவியில வெந்தாங்க. எட்டு. ஸ்டெப்னியைக் கழட்டி மாடிப்படிக்குக் கீழே வச்சாரு. எட்டு. கிடங்குலேருந்து தராசு கொண்டுவந்து பொண்ணோட புத்தகப் பையை நிறுத்தாரு.

"இந்த ஒரு புத்தகமே ஒண்ணரை கிலோ. இது தேவையா?"

"பரீட்சை இருக்குப்பா."

"படிச்ச பக்கத்தையெல்லாம் கிழிச்சு வீட்டுல வச்சிடு."

இதையெல்லாம் பொண்டாட்டி பார்த்துக்கிட்டே இருந்தா. அவளுக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற வேலை. நாளைக்கு அறுபது பேர். ஊசி ஏறினது தெரியாது, இறங்கினது தெரியாது, "அவ்வளவுதாங்க, எழுந்திரிங்க"ன்னு சொல்லும்போதுதான் எடுத்ததே தெரியும். வண்டி வாங்கின புதுசுல ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தா.

"என்னங்க, எதிர்வீட்டுக்காரரு நேத்து ஸ்கூட்டர்ல உங்க பின்னாடியே வந்தாராம். உங்க..."

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ வண்டிப் பேச்சையே எடுக்கல.

விஷயம் முத்தினது, கடற்கரைக்குப் போலாம்னு பசங்க கேட்ட அன்னைக்கு.

"போலாம். அத்தை பஸ்ல வரட்டும்"னாரு. "எழுபத்தெட்டு கிலோ. ஒண்ணரை மூட்டை சிமெண்டை விட ஜாஸ்தி."

 மாமியார் கையில இருந்த டம்ளரைக் கீழே வச்சாங்க. எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. பொண்டாட்டி கையைத் துடைச்சுக்கிட்டே சமையலறையிலேருந்து வந்தா.

"ஒரு வாரம் நீங்க ஓட்டுங்க. ஒரு வாரம் நான் ஓட்டுறேன். அதே ஸ்கூலு, அதே ஆஸ்பத்திரி, அதே கிடங்கு. டேங்க்கை நிரப்பிட்டு ஆரம்பிப்போம், வாரக் கடைசியில திரும்ப நிரப்பிப் பார்ப்போம். யாருக்கு மைலேஜ் கூடவோ, சாவி இனிமே அவங்ககிட்ட."

"நீயா? இந்த வண்டியவா?" மனுஷன் சிரிச்சாரு. அந்த வீட்டுல அவரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

"தோத்தா என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அங்கதான் உஷாராகியிருக்கணும். ஆகல.

"தோத்தவங்க கடைசி வரிசை. வாயைத் திறந்து குறை சொல்லக்கூடாது. ஆயுசு முழுக்க!"

"எழுதிக் கொடுங்க."

எழுதினாரு. 'ஆயுசு முழுக்க'வுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டாரு. ஃபிரிட்ஜ் கதவுல அவரே ஒட்டினாரு.

அவரோட வாரம். செருப்பு கனம்னு வெறுங்காலோட ஓட்டினாரு. பாக்கெட்டுல இருந்த சில்லறையைக்கூட வீட்டுல வச்சிட்டுப் போனாரு. நாப்பதுக்கு மேல போகல. பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிச்சுது, சைக்கிள்காரர் ஒருத்தர் முந்திட்டுப் போய்த் திரும்பிப் பார்த்தாரு. சனிக்கிழமை டேங்க்கை நிரப்பினாரு. எட்டு. புள்ளிக்கு அப்புறம் வைக்கக்கூட ஒண்ணும் இல்ல.

அவளோட வாரம். ஏசி ஓடுது. ஸ்டெப்னி டிக்கிக்குத் திரும்பிருச்சு. முன் சீட்டுல மாமியார், மடியில கைப்பை. பின்னாடி ஒண்ணரைக் கிலோ புத்தகம், ஒரு பக்கம்கூடக் கிழியாம. சனிக்கிழமை பங்க்குல அவரே குனிஞ்சு நின்னு பார்த்தாரு.

பன்னெண்டரை.

"உங்க மெஷின் சரியில்லப்பா"ன்னாரு பங்க்குக்காரர்கிட்ட.

"போன வாரம் உங்களுக்கும் இதே மெஷின்தான் சார்."

நேரா மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போனாரு. "வண்டியில ஏதோ கோளாறு. நான் ஓட்டும்போது மட்டும் வருது."

மெக்கானிக் பக்கத்துல ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. இறங்கல. குனிஞ்சு கீழே பார்த்தாரு.

"சார், உங்க இடது கால் எங்க இருக்கு?"

மனுஷனும் குனிஞ்சாரு. பதினெட்டு வருஷம் கிளட்ச்சு மிதிச்ச கால். புது வண்டியில வேலை இல்லாம சும்மா இருக்க முடியல போல. அதுவா ஒரு வேலை தேடிக்கிச்சு. பிரேக்கு மேல ஜம்முனு உட்கார்ந்திருந்துச்சு.

"வலது கால் போ போங்குது, இடது கால் நில்லு நில்லுங்குது. வண்டி யாரு பேச்சைத்தான் சார் கேக்கும்? பிரேக் பேடு பாருங்க, அப்பளமா தேஞ்சிருக்கு."

"இது எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது சார். உங்க பின்னாடி வர்றவங்க எல்லாருக்கும் தெரியும். சிவப்பு லைட்டு அணையவே அணையாதே. நம்ம கடைப் பசங்க உங்களை 'பிரேக் சாரு'ன்னுதான் சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்தாரு. அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா.

"உனக்குத் தெரியுமா?"

"காலா? தெரியும்."

"எப்பலேருந்து?"

"வாங்கின ரெண்டாவது வாரத்துலேருந்து."

"ஏழு மாசம்! சொல்லாமலா இருந்த?"

"சொல்ல வந்தேன். 'வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்'னீங்க." ஒரு சட்டையை உதறினா. "வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரியில ஒரு வேன் இருக்கு. ஆட்டோமேட்டிக். ரெண்டு வருஷமா நான்தான் ஓட்டுறேன். அதையும் சொன்னேன். அன்னைக்கு நீங்க டிவி பார்த்துக்கிட்டிருந்தீங்க."

மனுஷன் மனசுக்குள்ளே கணக்குப் போட்டாரு. ரெண்டு வருஷம். அதுல ஒருநாள்கூட, "இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு"ன்னு கேட்ட ஞாபகம் வரல. ஆனா மனுஷன் அதையா கேட்டாரு இப்போ?

"சரி, இப்பதான் தெரிஞ்சுபோச்சே. காலை எடுத்துடறேன். இன்னும் ஒரே ஒரு வாரம்..."

 அவ ஃபிரிட்ஜைக் கைகாட்டினா. மடிச்ச துணியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா.

ஞாயித்துக்கிழமை கடற்கரை. அவ ஓட்டினா. பக்கத்துல மாமியார், சீட்டை நல்லாப் பின்னாடி சாய்ச்சுக்கிட்டு. நடுவுல பசங்க. கடைசி வரிசையில மனுஷன், முட்டி ரெண்டும் தாடையில இடிக்க. ஏசி காத்து அங்கே வர்றதுக்குள்ளே களைச்சுப் போயிடுது. எட்டிப் பார்த்தா திரை கொஞ்சம் தெரிஞ்சுது. பதிமூணு.

"மாப்பிள்ளை, சௌகரியமா இருக்கீங்களா?"ன்னு மாமியார் திரும்பாமலே கேட்டாங்க.

குறை சொல்லக்கூடாது. "இருக்கேன் அத்தை."

முன்னாடி போன லாரி திடீர்னு நின்னுச்சு. அவ அலுங்காம வண்டியை நிறுத்தினா. கடைசி வரிசையில மனுஷனோட இடது கால், கீழே இருந்த பையை பலம் கொண்ட மட்டும் அமுக்குச்சு. உள்ளே ஏதோ 'பொதக்'குனு நசுங்குச்சு.

கண்ணாடி வழியா அவ பார்த்தா.

"காலை எடுங்க. அது உங்க சாப்பாடு."