பீரங்கியும் டப்பியும்

ஸ்ரீக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஸ்ரீக், ஸ்ரீக்.

விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் சாமான் அறையிலிருந்து வந்தது, யாரோ பூட்டுக்குள் கம்பியை விட்டு நெம்புவதுபோல. வீட்டுக்காரர் அச்சகத்துக்கு ராத்திரி வேலைக்குப் போயிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ராத்திரி வேலைதான் எனக்குச் சக்களத்தி.

பயம் வந்தால் கண்ணை மூடி ஜபம் சொல் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் திருடனுக்குத்தான் வசதி என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன். சாமான் அறைக் கதவைக் காலால் தள்ளினேன்.

தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில், மடியில் கேமராவோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது என் புருஷன்.

"கத்தாதே. நான்தான்."

"மண்டையில போட்டிருப்பேங்க."

"லென்ஸ் மேல படாம போட்டிருப்பியா?"

"வேலைக்குப் போகலையா?"

"லீவு. போற மாதிரி போய்ப் பின்கதவு வழியா வந்தேன். சொல்லியிருந்தா குழந்தையைத் தூக்கி மடியில வெச்சிருப்பே. எனக்கு இருட்டும் நிம்மதியும் வேணும்."

விஷயம் இதுதான். மறுநாள் சாயங்காலம் அரங்கத்தில் நாடகம், படம் எடுக்கப் போவது இவர். மேடையில் மங்கல் வெளிச்சம். ஃபிளாஷ் அடித்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். படம் நன்றாக வந்தால் இனி எல்லா நாடகத்துக்கும் இவரே என்று அரங்க மேனேஜர் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் அச்சகத்துக்கு முழுக்கு. ராத்திரியில் வீட்டில் துணைக்கு ஒரு சத்தம் இருக்கும், குறட்டையாகவாவது.

கடைக்கார நண்பர் இரண்டு லென்ஸ் கொடுத்திருந்தார். ஒன்றைக் காலையில் திருப்பித் தரவேண்டும். ஒன்று முழங்கை நீளம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பீரங்கி. இன்னொன்று கண்மை டப்பி மாதிரி. எதையும் இழுக்காது. ஆனால் வாயை அகலத் திறந்து, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிடும். அது டப்பி. இருட்டில் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் பீரங்கி முன்னும் பின்னும் திணறியதுதான் அந்த ஸ்ரீக்.

"பீரங்கிதான். முடிவு பண்ணிட்டேன்," என்று கேமராவை நீட்டினார். திரையில் எங்கள் கடுகு பாட்டில். "ஒவ்வொரு கடுகும் தனித்தனியா தெரியுது பாரு."

தெரிந்தது. ஆனால் கடுகு வைத்த இடத்தில் இருக்கும். நாடகக்காரர்கள் இருப்பார்களா?

"அவங்க ஆடுவாங்க, ஓடுவாங்களே."

"இதுல ஆட்டம் தடுக்கிற வசதி இருக்கு."

"அது உங்க கை ஆட்டத்தைத்தானே தடுக்கும்?"

"கடுகு தாளிக்கத்தான் உனக்குத் தெரியும். படம் எடுக்கத் தெரியுமா?"

நான் வேண்டாம் என்று சொன்ன எந்தப் பொருளும் இந்த வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. பாதையை மாற்றினேன்.

"சரிங்க, பீரங்கியே. அதுல குழந்தையை ஒண்ணு எடுத்து அத்தைக்கு அனுப்புங்க. படம் கேட்டுட்டே இருக்காங்க."

கூடத்தில் சின்ன விளக்கைப் போட்டேன். குழந்தை மல்லாந்து படுத்துச் சைக்கிள் விட்டான். அவர் எடுத்தார், பார்க்காமலே அனுப்பினார். உடனே போன் வந்தது.

"ஏண்டா, குழந்தைக்கு எத்தனை காலு?"

"ரெண்டுதாம்மா."

"படத்துல மரவட்டை மாதிரி இருக்கு. மூஞ்சி எங்கடா?"

"அசைஞ்சிட்டான்மா."

"குழந்தைன்னா அசையாதா? நாடகக்காரன் மட்டும் செலையாவா நிப்பான்? உனக்கு எதுக்குடா இந்த வேலை? பேசாம அச்சகத்துக்கே போ."

பாதி வழியில் என்னை இறக்கிவிட்டு அத்தை வண்டியை வேறு பக்கம் ஓட்டிவிட்டார்கள். அவர் பீரங்கியைப் பெட்டியில் வைத்தார். பிறகு டப்பியையும் வைத்தார்.

"ரெண்டையும் குடுத்துடறேன். அம்மா சொல்றது சரிதான்."

அழுதால் காரியம் கெடும். சிரித்தேன்.

"நல்ல முடிவுங்க. பீரங்கிக்கே இந்தக் கதின்னா டப்பி என்னத்தைக் கிழிக்கும்?"

"டப்பியைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"இத்துனூண்டு இருக்கு. பொம்மைக் கடைச் சாமான்."

"சின்னதுன்னா மட்டமா?"

"மட்டம்னு சொல்லலீங்க. அதுல உங்களால எடுக்க முடியாதுன்னேன்."

பெட்டி படாரென்று திறந்தது.

அதே விளக்கு, அதே சைக்கிள். படத்தில் குழந்தையின் கால் அந்தரத்தில் நின்றது. கண்ணிமை மயிர்கூடத் தனித்தனியாக இருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான் ஆரம்பத்திலேர்ந்தே டப்பிதான்னு நெனச்சேன். நீதான் பீரங்கி பீரங்கின்னே."

"ஆமாங்க. எனக்கென்ன தெரியும்."

மறுநாள் சாயங்காலம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இனிமே எல்லா நாடகமும் நான்தான்," என்றார். "அச்சகத்துக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் எதிர்வீட்டு அக்கா விசாரிக்க வந்துவிட்டாள்.

"எப்படித் தம்பி சரியான லென்ஸாப் புடிச்சீங்க?"

"அனுபவந்தாங்க்கா. இவ பீரங்கிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் அசையலையே."

"விடுங்க தம்பி, அவளுக்கு என்ன தெரியும்," என்று அக்கா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அறைக்குள் டப்பியோடு நிற்கிறார்.

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே ஒரு படம்."

"தொட்டில் முழுசா வரணுங்க."

"வரலையே." டப்பியில் இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆள்தான் நகரவேண்டும்.

"பின்னாடி போங்க."

"இப்ப உன் தலை வெட்டுது."

"இன்னும் கொஞ்சம். நிலைப்படி, பார்த்து."

தாண்டினார். இனி ராத்திரி வீட்டில் ஆள் உண்டு. எந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி.

"ஆங், இப்ப சரியா இருக்கு. அசையாதே," என்றார் கூடத்திலிருந்து.

நான் அசைந்தேன். கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.