மாமாவின் பேச்சை நான் திருத்திய விதம்

கணினி அரைகுறையாகத் தெரிந்த மருமகனைவிட ஒன்றுமே தெரியாத மருமகன் மாமனாருக்கு எவ்வளவோ பாதுகாப்பு. நான் அரைகுறை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் மாமா வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்திருந்தது. "இனி லினக்ஸ்தான் மாமா" என்று பழையதையெல்லாம் துடைத்துவிட்டு அந்த இயங்குதளத்தை ஏற்றினேன். (நானே அதை முந்திய வாரம்தான் கண்டிருந்தேன்.) தப்பியது ஒரு டிஸ்கெட், அந்தக் காலத்து ஃபிளாப்பி. மறுநாள் மச்சாளின், அதாவது மனைவியின் தங்கையின், கல்யாணத்தில் மாமா வாசிக்கவிருந்த வரவேற்புரை அதில் இருந்தது. மேடையே ஏறியிராத மனிதர், ஒற்றை விரலால் வாரக்கணக்கில் தட்டிச் சேர்த்தது.

"தம்பி, சம்பந்தி வீட்டாரைப் பற்றி ஒரு வரி சேர்க்கோணும்."

எழுதித் திருத்த ஒரு எடிட்டர் நிரல் வேண்டும்; எதில் சேர்ப்பது? பார்த்ததும் புரிகிற எடிட்டர்கள் மெனுவில் வரிசையாக இருந்தன. அவை குழந்தைகளுக்கு என்று தள்ளிவிட்டேன். 'வி-ஐ' என்ற ஒன்றைப் பற்றி என்னோடு வேலை செய்த நோர்வேஜியர், "பழகினால் மோசமில்லை" என்றிருந்தார். நோர்வேயில் அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது. அதையே திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

"தமிழ் எங்கை தம்பி?"

"உள்ளுக்கை இருக்கு மாமா."

பொய்யில்லை. பாமினி எழுத்துருவில் தமிழ் ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால்தான் இருக்கும். விசைகள் எனக்கு மனப்பாடம். சம்பந்தியைப் புகழ்ந்து மளமளவென்று தட்டினேன். ஆனால் வி-ஐயில், எழுதப்போகிறேன் என்று முதலில் ஒரு விசையை அழுத்தி அறிவிக்க வேண்டுமாம். அதுவரை ஒவ்வோர் எழுத்தும் கட்டளை. பாமினியில் 'ன' வருகிற விசை அதற்கு 'அழி' என்ற கட்டளை.

"குறையுது தம்பி."

"சுருக்குது மாமா."

பதறிப்போய் வெளியேறினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, சேமித்துவிட்டு வெளியேறுவது. (சேமிக்காமலும் வெளியேறலாம் என்பது பிறகு தெரிந்தது.)

மனைவி டிஸ்கெட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து அச்செடுத்து வந்தாள். "முதல் வரியும் கடைசி வரியும்தான் மிச்சமப்பா" என்றாள். மணவறை சோடிக்கப் புறப்படும் நேரம், திரும்ப எழுத வழியில்லை. மாமா கடதாசியை மடித்துப் பையில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மறுநாள் பியோர்ண்டால் மண்டபத்தில், அந்தக் கடதாசியை விரித்து வாசித்தார்: "அனைவருக்கும் வணக்கம். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுச் செல்லவும்."

இறங்கிவிட்டார். பசித்திருந்த சபை எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு என்று மாமா திரும்பிப் பார்த்தார்.

இன்றும் ஒஸ்லோவில் எங்கள் சொந்தக்காரர் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினால், பின்வரிசையிலிருந்து மாமாதான் சத்தம் வைப்பார்: "உந்தப் பேச்சை ஒருக்கா என்ரை மருமோனிட்டைக் குடுங்கோ, திருத்தித் தருவார்!"