உலைக் கருப்பு

கத்தியின் கருப்பைத் தேய்த்து எடுத்துவிட்டேன். அது அழுக்கில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கத்திக்கு ஜப்பானெங்கும் பேர்போன எச்சிசென்னில் பிறந்தவன் செய்கிற தப்பா இது? இங்கே கத்தி அடிப்பவர்கள் விளிம்பை மட்டும் பளபளவென்று தீட்டுவார்கள். மேலே உலைக் கருப்பு அப்படியே இருக்கும். வெறும் கரி, சோம்பேறிகள் துடைக்காமல் விற்கிறார்கள் என்று சொல்லித் திரிந்தேன். நான் பஸ் ஓட்டியவன். பட்டறைப் பக்கம் போனதில்லை.

கத்தி என் மனைவி ஹிசானோவுடையது. கல்யாணத்துக்கு அவள் அப்பா அடித்துக் கொடுத்தது. அவர் போய்விட்டார். பட்டறை இப்போது அவள் அண்ணன் கெய்ஜிரோ கையில். புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

வருடக் கடைசி நாள். ஊரே வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஹிசானோ சந்தைக்குப் போயிருந்தாள். எனக்கு அவள் விட்டுப்போன வேலை ஜன்னல். ஜன்னலா! அவளே வாயடைத்து நிற்கிற மாதிரி ஒன்று செய்யத் தீர்மானித்தேன். உப்புத்தாளை எடுத்தேன். கத்தி வெள்ளியாகிவிட்டது. கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அலகெல்லாம் துருப் பொட்டு. வெளியே பனி, உள்ளே ஈரம். கருப்புதான் இரும்புக்குச் சட்டை. நான் உரித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஓக்கியாமாவைக் கூப்பிட்டேன்.

"டீயைக் கொதிக்கவிட்டு வினிகர் ஊத்து. கத்தியை முக்கு. கருத்துடும்."

"நிச்சயமா?"

"ஹிசானோவுக்குத் தெரியக் கூடாதோ?"

"வாயை மூடு."

"நான் மூடிக்குவேன். கத்தி மூடிக்குமா?"

கருத்தது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் சாம்பல், நடுவில் வெள்ளை. அயிலை மீன் முதுகு மாதிரி. அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து மேலே பூசினேன். அதற்குள் வாசல் கதவு திறந்தது.

வந்ததும் ஹிசானோ முள்ளங்கியை எடுத்தாள். வெள்ளை முள்ளங்கியும் சிவப்புக் கேரட்டும் வினிகரில் ஊறினால்தான் எங்களுக்குப் புத்தாண்டு. சிவப்பு, வெள்ளை: மங்கல நிறம். முதல் வெட்டிலேயே முள்ளங்கியில் கருப்புக் கோடு. கருப்பு, வெள்ளை நாங்கள் சாவு வீட்டில் கட்டும் திரை.

"ஏங்க, நம்ம வீட்டுல யாராவது போயிட்டாங்களா?"

"முள்ளங்கி சரியில்லை."

"கேரட்டும் கருக்குதே?"

"காலம் கெட்டுப்போச்சு."

"கத்தி மட்டும் நல்லா இருக்கு?"

"அதுக்கென்ன!"

"உங்க மூக்குலயும் கொஞ்சம் கத்தி ஒட்டியிருக்கு. துடைச்சுக்கோங்க."

அவள் அலகைத் துணியால் துடைத்தாள். அயிலை முதுகு தெரிந்தது. அவள் சிரிப்பு நின்றுபோனது.

"அப்பா விட்டுவெச்ச கருப்புங்க இது."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். தட்டை விட்டெறிந்திருக்கலாம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"போய் ஜன்னலைத் துடைங்க."

துடைத்தேன். எல்லா ஜன்னலையும், கேட்காமலே கதவுகளையும். முடித்து வந்தால் கத்தி பலகைமேல் இருந்தது. ஒரே சீராகக் கருப்பு.  அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கெய்ஜிரோ வந்தார். கொல்லருக்கு முதலில் கண்ணில் படுவது கத்திதான். எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது அப்பா விட்ட கருப்பு இல்லையே?"

நான் சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

"இவர்தான் அண்ணே பழசை எடுத்துட்டுப் புதுசா ஏத்தினார்," என்றாள் ஹிசானோ.

காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். அதுதான் என் முட்டாள்தனம்.

"அட, மாப்பிள்ளையா! எதுல ஏத்தினீங்க?"

"டீ, வினிகர்."

"அது ஊருக்கே தெரியும். முதல்ல எண்ணெய்ப் பிசுக்கை எதால எடுத்தீங்க? அது இருந்தா திட்டுத் திட்டாத்தானே வரும்?"

ஹிசானோவைப் பார்த்தேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்களேன். நானும் கத்துக்கறேன்," என்றாள்.

கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். கெய்ஜிரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"சாம்பல் தண்ணி, மாப்பிள்ளை. அப்பா அதைச் சொல்லிக்கொடுத்தது ரெண்டே பேருக்கு. ஒருத்தன் நான்."

இன்னொருத்தி ஹிசானோ.